பெயர் மாற்றும் ஸ்க்ரிப்டிலிருந்து வெளிப் புரோகிராம்களை அழைப்பது: முழுமையான வழிகாட்டி

ஒரு கோப்புறைக்குள் நாலாயிரம் படம். எல்லாம் டிஎஸ்சி என்று தொடங்கி இலக்கத்தில் முடிகிற பெயர்கள். மூன்று கெமராவில் எடுத்ததால் ஒரே இலக்கம் மூன்று இடத்தில் வருகிறது. நடுநடுவே காணொளிகள், வட்ஸ்அப்பில் வந்தவை, யாரோ தமிழில் பெயர் வைத்தவை. இவை எல்லாவற்றையும் எடுத்த திகதி, நேரம், இடம் என்று பெயரிட்டு அடுக்க வேண்டும்.

பைதனில் பெயர் மாற்றுவது ஒரு வரி வேலை. படம் எப்போது எடுக்கப்பட்டது என்பதை அறிவதுதான் வேலையின் பெரும்பகுதி. அதை நன்றாகச் செய்கிற புரோகிராம்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஸ்க்ரிப்டுக்குள்ளிருந்து அழைத்து, பதிலை வாங்கி, சரிபார்த்து, பிறகுதான் பெயரைத் தொட வேண்டும்.

மட்டக்களப்பு, கல்லடியில் என்னிடம் இந்த வேலை பழகுகிற தம்பி தங்கச்சிமார் இடறுகிற இடங்கள் ஏறத்தாழ ஒன்றேதான். பைதன் எழுதத் தெரியாததால் யாரும் இடறுவதில்லை. படிகளின் ஒழுங்கை மாற்றுவதால்தான் இடறுகிறார்கள். கேட்கிற வேலையையும் மாற்றுகிற வேலையையும் ஒரே சுற்றில் செய்துவிடுகிறார்கள். இந்த இரண்டையும் பிரித்து வைப்பதற்காகத்தான் இத்தனை படிகள்.

கட்டளைகளின் பெயர்களை நாம் வாயால் சொல்வதுபோல் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. தொடங்கமுன் கையில் இருக்க வேண்டியவை

பைதன் 3.7 அல்லது அதற்குப் பிந்தியது. வெளிப் புரோகிராம்களை அழைக்கும் சப்புரொசெஸ் தொகுதியின் 'ரன்' அழைப்பு 3.5 இலேயே வந்துவிட்டது. பதிலைப் பிடித்துத் தரும் 'கப்சர் அவுட்புட்' 3.7 இல்தான் சேர்ந்தது. கீழே சொல்வதெல்லாம் அதை நம்பித்தான்.

படங்களுக்குள் பதிந்திருக்கிற தகவலைப் படிக்க எக்சிஃப்டூல். காணொளிகளுக்கு எஃப்எஃப்புரோப், இது எஃப்எஃப்எம்பெக் பொதியோடு சேர்ந்தே வரும். எக்சிஃப்டூல் காணொளியையும் படிக்கும். ஆனாலும் உடைந்த காணொளியைத் தயங்காமல் உடைந்தது என்று சொல்வதில் எஃப்எஃப்புரோப் எனக்கு நம்பிக்கையானது.

விண்டோஸில் எக்சிஃப்டூலை இறக்கினால், கோப்பின் பெயருக்குள் அடைப்புக்குறியும், அதற்குள் சிறு கோடும் 'கே' எழுத்தும் இருக்கும். அந்தப் பெயரிலேயே ஓடவிட்டால், வேலை முடிந்ததும் யாராவது ஒரு விசையை அழுத்தும்வரை அது மூடாமல் காத்திருக்கும். இரட்டைச் சொடுக்குப் போட்டுப் பார்ப்பவருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரிப்டுக்குள்ளிருந்து அழைத்தால் அந்தக் காத்திருப்பு யார் கண்ணிலும் படாது. "அண்ணா, ஓட விட்டன், ஒண்டும் வருகுதில்ல, நிக்குது" என்று முதல் நாளில் வருகிற முறைப்பாட்டில் பாதி இதுதான். பெயரிலிருந்து அந்த அடைப்புக்குறிப் பகுதியை நீக்குங்கள். பக்கத்தில் வருகிற 'எக்சிஃப்டூல் ஃபைல்ஸ்' கோப்புறையையும் கூடவே நகர்த்துங்கள். அதை விட்டுவிட்டால் புரோகிராம் தொடங்காது.

பிறகு, ஒரு பரிசோதனைக் கோப்புறை. மூலத்திலிருந்து ஐம்பது கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். அந்த ஐம்பதும் நல்ல பிள்ளைகளாக இருக்கக் கூடாது. பெயரில் இடைவெளி உள்ளது ஒன்று, '&' குறி உள்ளது ஒன்று, சிறு கோட்டில் தொடங்குவது ஒன்று, தமிழ்ப் பெயர் சில, வட்ஸ்அப்பில் வந்தவை இரண்டு, காணொளி மூன்று, பூச்சியம் பைட் உள்ள வெற்றுக் கோப்பு ஒன்று, ஒரே நொடியில் அடுத்தடுத்து எடுத்த படங்கள் ஐந்து. ஸ்க்ரிப்ட் விழுவதென்றால் இவற்றில்தான் விழும். மூலத்தில் விழுவதைவிட இங்கே விழட்டும்.

2. முதலில் கையால் ஓட்டிப் பாருங்கள்

ஸ்க்ரிப்ட் எழுதமுன் டேர்மினலைத் திறந்து, ஒரு படத்துக்கு எக்சிஃப்டூலைக் கையால் ஓட்டுங்கள். 'டேட்டைம் ஒரிஜினல்' என்ற தகவலை மட்டும் கேளுங்கள். பதில் இப்படி வரும்: 2024:05:24 01:40:05.

அந்தப் பதிலை உற்றுப் பாருங்கள். திகதியின் நடுவிலும் முக்காற்புள்ளிதான் இருக்கிறது. விண்டோஸில் கோப்பின் பெயருக்குள் முக்காற்புள்ளி வைக்க முடியாது. பதிலை அப்படியே பெயராக்கினால் முதல் கோப்பிலேயே பிழை வரும். கையால் ஒருமுறை ஓட்டியிருந்தால் இது அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்து வெற்றுக் கோப்புக்கும் வட்ஸ்அப் படத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். புரோகிராம் சரியாகப் பதில் சொல்வதைவிட, பதில் இல்லாதபோது என்ன செய்கிறது என்பதைத்தான் நீங்கள் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

3. புரோகிராம் இருக்கிறதா என்று ஸ்க்ரிப்டே தேடட்டும்

ஸ்க்ரிப்டின் தொடக்கத்தில், பைதனின் ஷட்டில் தொகுதியில் உள்ள 'விச்' என்ற அழைப்பால் இரண்டு புரோகிராம்களின் முழு முகவரியையும் தேடி வாங்குங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், எது இல்லை என்று தமிழில் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்துங்கள்.

இரண்டாயிரம் கோப்புக்குப் பெயர் கண்ட பிறகு முதல் காணொளியில் வந்து "எஃப்எஃப்புரோப் இல்லை" என்று விழுவது வீண். அதோடு, டேர்மினலில் நீங்கள் தட்டும்போது கிடைக்கிற 'பாத்' (புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) வேறு, இரவில் தானாக ஓடும்படி கிரோனில் போட்டால் கிடைக்கிற 'பாத்' வேறு. கிரோனில் அது மிகச் சுருங்கியது. "கையால் ஓடுது, தானாக ஓடுதில்ல" என்றால் பெரும்பாலும் இதுவே காரணம். முழு முகவரியை வாங்கி அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள்.

4. கட்டளையை வசனமாக ஒட்டாமல் பட்டியலாகக் கொடுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்பேன்.

புதியவர் எழுதுவது இப்படி: புரோகிராமின் பெயர், ஓர் இடைவெளி, தெரிவுகள், ஓர் இடைவெளி, கோப்பின் பெயர். எல்லாவற்றையும் ஒரே வரியாக ஒட்டி, 'ஷெல்' (டேர்மினலில் தட்டும் வரியைப் பிரித்துப் படித்து ஓட்டுகிற இடையாள்) உண்மை என்று போட்டு ரன்னிடம் கொடுக்கிறார். டிஎஸ்சி இலக்கப் பெயர்களுக்கு இது நன்றாக ஓடும். நன்றாக ஓடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் பிழை பிறகுதான் தெரியும்.

"கல்லடிப் பாலம் மாலை" என்று ஒரு கோப்பு வந்ததும் ஷெல் அதை மூன்று துண்டாக்கும். கல்லடிப் என்றொரு கோப்பு, பாலம் என்றொன்று, மாலை என்றொன்று. மூன்றும் இல்லை. சரி, மேற்கோள் குறி போடலாம் என்று போடுவார். பெயருக்குள்ளேயே மேற்கோள் குறி உள்ள கோப்பு அடுத்ததாக வரும். "அம்மா & அப்பா" என்ற பெயரில் மேற்கோள் விடுபட்டால், ஷெல் '&' குறியோடு ஒரு கட்டளை முடிந்தது என்று எண்ணி, மிகுதியை இரண்டாவது கட்டளையாக ஓட்டப் பார்க்கும். லினக்ஸில் அரைப்புள்ளியும் இதே வேலையைச் செய்யும். டொலர் குறிக்கும் ஷெல்லிடம் தனிப் பொருள் உண்டு. வேறொருவர் அனுப்பிய கோப்பின் பெயருக்குள் அழிக்கும் கட்டளை ஒன்று ஒளிந்திருந்தால், அதையும் உங்கள் ஸ்க்ரிப்ட் ஓட்டிவிடும்.

வழி எளியது. ஷெல்லை இடையில் வைக்காதீர்கள். ரன்னிடம் ஒரு பட்டியலைக் கொடுங்கள்: முதலாவது புரோகிராமின் முழு முகவரி, பிறகு ஒவ்வொரு தெரிவும் தனித்தனியாக, கடைசியில் கோப்பின் பெயர். பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும் உடையாமல் முழுதாகப் புரோகிராமைப் போய்ச் சேரும். இடைவெளியோ மேற்கோளோ இனி உங்கள் கவலை இல்லை. மேற்கோள் குறியை நீங்களாகச் சேர்க்கவும் வேண்டாம். சேர்த்தால் அதையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று புரோகிராம் சொல்லும்.

பட்டியலில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: தெரிவையும் அதன் மதிப்பையும் இடையில் வெளி விட்டு ஒரே உறுப்பாக வைப்பது. டேர்மினலில் இடைவெளி வருகிற இடமெல்லாம் பட்டியலில் புதிய உறுப்பு தொடங்க வேண்டும்.

கோப்பின் பெயரை எப்போதும் முழு முகவரியாகக் கொடுங்கள். சிறு கோட்டில் தொடங்குகிற பெயரைத் தனியாகக் கொடுத்தால் புரோகிராம் அதைத் தெரிவு என்று நினைக்கும். முழு முகவரி விண்டோஸில் டிரைவ் எழுத்தோடும் லினக்ஸில் சாய்கோட்டோடும் தொடங்குவதால் அந்தக் குழப்பம் வராது.

ஷெல்லை விடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. புரோகிராம் இல்லாவிட்டால் பைதன் உடனே 'ஃபைல் நொட் ஃபவுண்ட்' என்று பிழை எழுப்பும். ஷெல் இடையில் நின்றால் அந்தப் பிழை வெறும் இலக்கமாக மாறி, கவனிக்காமல் போய்விடும்.

5. அழைக்கும்போது கூடவே சொல்ல வேண்டியவை

ரன்னிடம் பட்டியலை மட்டும் கொடுத்து நிறுத்தாதீர்கள். நான்கு விடயம் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதிலைப் பிடி. 'கப்சர் அவுட்புட்' உண்மை என்று போட்டால், புரோகிராம் சொல்கிற பதிலும் அது முணுமுணுக்கிற பிழைச் செய்தியும் தனித்தனியாக உங்கள் கைக்கு வரும். இரண்டையும் கலக்காதீர்கள். எச்சரிக்கைச் செய்தி ஒன்று திகதியோடு ஒட்டிக்கொண்டு கோப்பின் பெயராகிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் கொள்வது) என்று வெளிப்படையாகச் சொல். சொல்லாவிட்டால் விண்டோஸில் பைதன் கணினியின் பழைய குறியீட்டுப் பக்கத்தால் பதிலைப் படிக்கும். "மாமாங்கம்" என்ற சொல் தொப்பியும் கொம்பும் வைத்த இலத்தீன் எழுத்துக் கூட்டமாக வந்து நிற்கும்.

நேர வரம்பு வை. ஒரு படத்துக்கு இருபது விநாடி தாராளம். முதலாம் படியில் சொன்ன விசை அழுத்தும் கதை, கழன்றுகொண்டிருக்கிற யூஎஸ்பி வயர், இறக்கும் தறுவாயில் உள்ள ஹார்ட் டிஸ்க் எல்லாம் புரோகிராமை நிறுத்தி வைக்கும். வரம்பு இல்லாவிட்டால் ஸ்க்ரிப்டும் விடியும்வரை கூடவே நிற்கும்.

உள்ளீட்டை மூடு. 'ஸ்டேண்டர்ட் இன்புட்' என்பதற்கு 'டெவ்நல்' (ஒன்றும் இல்லாத வெற்று உள்ளீடு) கொடுங்கள். எஃப்எஃப்எம்பெக் போன்றவை உங்கள் விசைப்பலகையையும் கேட்டுக்கொண்டிருக்கும். ஷெல்லில் கோப்புப் பட்டியலை வரி வரியாகப் படித்து எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டினால், மிகுதி வரிகளை அதுவே விழுங்கிவிடுவது பலருக்கும் நடந்த கதை.

6. பதிலை நம்பமுன் மூன்று கேள்வி

முதற் கேள்வி: ரிட்டர்ன் கோட், அதாவது புரோகிராம் முடியும்போது விட்டுச்செல்லும் இலக்கம், பூச்சியமா? பூச்சியம் என்றால் புரோகிராம் தன் பார்வையில் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். வேறு இலக்கம் என்றால் பிழைச் செய்தியைப் பதிவேட்டில் எழுதி, அந்தக் கோப்பை ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவது: பதில் வெறுமையாக இருக்கிறதா? இதை மறப்பவர்கள் ஏராளம். படத்துக்குள் எடுத்த திகதியே இல்லாவிட்டால் எக்சிஃப்டூல் அதைப் பிழையாக எடுப்பதில்லை. ஒன்றும் சொல்லாமல், ரிட்டர்ன் கோட் பூச்சியத்தோடு வெளியேறும். முதற் கேள்வியோடு நிறுத்தியவரின் ஸ்க்ரிப்ட், வெற்றுத் திகதியை வைத்து அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களை உண்டாக்கும்.

மூன்றாவது: பதில் அர்த்தமுள்ளதா? கடிகாரம் சரிசெய்யாத சில கெமராக்கள் முழுக்கப் பூச்சியமாகத் திகதி எழுதும். பதிலின் இரு முனையிலும் உள்ள வெற்றிடத்தையும் வரி முறிவையும் 'ஸ்ட்ரிப்' போட்டு வெட்டிவிட்டு, 'எஸ்டிஆர்பிடைம்' கொண்டு உண்மையான திகதியாக மாற்றிப் பாருங்கள். மாற முடியாதது எதுவும் பெயராகக் கூடாது. ஆண்டு பொருத்தமானதா என்றும் ஒரு நிபந்தனை போடுங்கள்.

கடிகாரம் என்றதும் இன்னொன்று. எங்கள் பக்கம் கட்டாரிலிருந்து, சவூதியிலிருந்து, டுபாயிலிருந்து கொண்டுவந்த கெமராக்கள் அதிகம். கடிகாரத்தை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். கட்டாரும் சவூதியும் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். டுபாய் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். ஒரே கொடியேற்றத்தை இரண்டு கெமராவில் எடுத்திருந்தால், அடுக்கும்போது ஒன்றின் படமெல்லாம் முன்னால் போய் நிற்கும். இதற்கு கெமராவின் மொடல் பெயரையும் சேர்த்துக் கேட்டு, எந்த மொடலுக்கு எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும் என்று ஸ்க்ரிப்டில் ஒரு சிறு அட்டவணை வையுங்கள். படத்துக்குள் இருக்கிற நேரத்தைத் திருத்தாதீர்கள். கணக்கை ஸ்க்ரிப்டில் வைத்தால் பிழை நேர்ந்தாலும் திருத்தலாம்.

7. தமிழ்ப் பெயருள்ள கோப்புகள்

இங்கே மூன்று வெவ்வேறு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, விண்டோஸும் எக்சிஃப்டூலும். பைதன் தமிழ்ப் பெயரைச் சரியாகவே அனுப்புகிறது. எக்சிஃப்டூல் பேர்ள் மொழியில் எழுதப்பட்டது. விண்டோஸில் அது கட்டளை வரியைப் பழைய குறியீட்டுப் பக்கத்தின் வழியாகப் பெறும்போது தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பிறகு "கோப்பு இல்லை" என்கிறது. கோப்பு உங்கள் கண் முன்னாலேயே இருக்கும்.

இதற்குத் தீர்வு, ஆர்கியுமென்ட்களைக் கட்டளை வரியில் அனுப்பாமல் ஒரு உரைக் கோப்பில் எழுதி அனுப்புவது. வரிக்கு ஓர் ஆர்கியுமென்ட், மேற்கோள் இல்லாமல், யூடிஎஃப்-8 இல் எழுதிச் சேமியுங்கள். சிறு கோடும் '@' குறியும் சேர்ந்த தெரிவால் அந்த உரைக் கோப்பை எக்சிஃப்டூலுக்குக் காட்டுங்கள். கோப்பின் பெயர்கள் யூடிஎஃப்-8 என்று சொல்லும் 'சார்செட் ஃபைல்நேம்' தெரிவையும் சேர்க்க மறக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அந்த உரைக் கோப்பின் முகவரியில் தமிழ் இருக்கக் கூடாது. விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்குத் தற்காலிகக் கோப்புறையின் முகவரியிலேயே தமிழ் வந்துவிடும். டிரைவின் வேரில் ஆங்கிலப் பெயரோடு ஒரு கோப்புறை செய்து அதை அங்கே வையுங்கள்.

இரண்டு, பார்க்க ஒன்று, உள்ளே வேறு. "கோயில்" என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. பழைய மெக் கணினிகளிலிருந்து வந்த கோப்புகளில் பிரிந்த வடிவம்தான் இருக்கும். ஒரே கோப்புறையில் "கோயில்" என்று இரண்டு கோப்பு நிற்பதும், தேடினால் ஒன்று மட்டும் அகப்படுவதும் இதனால்தான்.

ஆகவே புதிய பெயரை உருவாக்கும்போது யூனிகோட்டேட்டா தொகுதியின் 'நோர்மலைஸ்' அழைப்பால் 'என்எஃப்சி' என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். பழைய பெயரை மாற்றாதீர்கள். டிஸ்க்கில் அது எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுத்தால்தான் கோப்பு திறக்கும்.

மூன்று, நீளம். லினக்ஸில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். "மட்டக்களப்பு" என்பதை நாம் எட்டு எழுத்து என்று எண்ணுவோம். புள்ளியும் உகரக் குறியும் தனியாக எண்ணப்படுவதால் உள்ளே 12 குறிகள், 36 பைட். ஊர், கோயில், நிகழ்ச்சி என்று நீட்டிக்கொண்டே போனால் 85 குறியில் இடம் முடிந்துவிடும். பெயரை வெட்ட வேண்டி வந்தால் பைட் கணக்கில் கண்மூடி வெட்டாதீர்கள். வெட்டிய இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி போய், "கண்" என்பது "கண" ஆகிவிடலாம். முழுச் சொல்லாக வெட்டுங்கள்.

8. ஒவ்வொன்றாகக் கேட்காமல் கூட்டமாகக் கேளுங்கள்

நாலாயிரம் படத்துக்கு நாலாயிரம் தடவை எக்சிஃப்டூலைத் தொடங்கினால், ஒவ்வொரு தடவையும் பேர்ள் முழுவதும் எழும்பி வர வேண்டும். படிப்பதைவிட எழும்புவதற்கே நேரம் போகும்.

மேலே சொன்ன உரைக் கோப்பிலேயே இருநூறு முகவரியை வரிக்கு ஒன்றாக எழுதி, பதிலை ஜேசன் வடிவில் (தகவலின் பெயரும் மதிப்பும் சோடியாக வரும் உரை) கேளுங்கள். விண்டோஸ் ஒரு கட்டளைக்கு ஏறத்தாழ 32 ஆயிரம் எழுத்துக்கு மேல் எடுக்காது. உரைக் கோப்பு வழியாகப் போனால் அந்த எல்லையும் உங்களைத் தொடாது. நேர வரம்பை மட்டும் கூட்டத்துக்கு ஏற்றபடி உயர்த்துங்கள்.

கூட்டமாகக் கேட்கும்போது ஆறாம் படியின் முதற் கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். இருநூறில் ஒரு கோப்பு உடைந்திருந்தாலும் ரிட்டர்ன் கோட் 1 என்று வரும். மற்றவற்றின் பதில் சரியாகவே இருக்கும். ரன்னிடம் 'செக்' உண்மை என்று போட்டிருந்தால் பைதன் பிழை எழுப்பி அத்தனையையும் எறிந்துவிடும். இங்கே செக் போடாதீர்கள். ஜேசனைத் திறந்து, ஒவ்வொரு கோப்பின் பதிலையும் தனியாகச் சோதியுங்கள்.

எந்தப் பதில் எந்தக் கோப்புக்கு உரியது என்பதை வரிசையை வைத்து ஊகிக்காதீர்கள். ஒரு கோப்பு விடுபட்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஒன்று நகர்ந்து, ஒருவரின் கல்யாணத் திகதி மற்றவரின் படத்தில் ஏறும். ஒவ்வொரு பதிலிலும் 'சோர்ஸ்ஃபைல்' என்று மூலப் பெயர் இருக்கும். அதை வைத்துப் பொருத்துங்கள். விண்டோஸில் அந்தப் பெயரில் சாய்கோடு முன்பக்கம் சாய்ந்தே வரும். எழுத்தாக ஒப்பிடாமல், இரு பக்கத்தையும் 'பாத்' பொருளாக்கி ஒப்பிடுங்கள்.

9. காணொளிகளும் ஐந்தரை மணித்தியாலமும்

எஃப்எஃப்புரோப்பிடம் 'கிரியேஷன் டைம்' என்ற தகவலை ஜேசனாகக் கேளுங்கள். தேவையற்ற வரிகள் வராதபடி பிழைகளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

இங்கே கிடைக்கும் நேரம் பொதுவாக உலகப் பொது நேரம். நமக்கு அதிலிருந்து 5 மணித்தியாலம் 30 நிமிடம் கூட்ட வேண்டும். பகலில் எடுத்தவற்றில் இது மணியைத்தான் மாற்றும். இரவில் எடுத்தவற்றில் நாளையே மாற்றும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கின் குளிர்த்தி இரவை எடுத்துக்கொள்ளுங்கள். 24 ஆம் திகதி அதிகாலை 1:40 க்கு ஒரு படமும் ஒரு காணொளியும் எடுக்கிறீர்கள். கெமரா படத்துக்குள் உள்ளூர் நேரத்தை எழுதும்: 24, 1:40. போன் காணொளிக்குள் எழுதுவது: 23, 20:10. கூட்டாமல் பெயரிட்டால் குளிர்த்தியின் காணொளி முதல் நாள் பின்னேரக் கோப்புகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நான் ஒருமுறை அரை நாள் தேடியது இப்படித் தொலைந்த ஒரு காணொளியைத்தான்.

சில கெமராக்கள் காணொளிக்கும் உள்ளூர் நேரத்தையே எழுதிவிட்டு அதை உலக நேரம்போல் காட்டும். ஆகவே ஒவ்வொரு கருவியிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து விநாடி காணொளி ஒன்று எடுத்து, என்ன எழுதுகிறது என்று பார்த்து, ஆறாம் படியின் அட்டவணையில் சேருங்கள்.

பதிவின் நடுவே பற்றரி செத்த காணொளிக்கு 'மூவ் அட்டம்' கிடைக்கவில்லை என்று எஃப்எஃப்புரோப் பிழை சொல்லும். ரிட்டர்ன் கோட் பூச்சியமாக இராது. அதைப் பெயர் மாற்றாமல் தனிக் கோப்புறைக்கு அனுப்புங்கள். மீட்கக்கூடியவை உண்டு, அழித்துவிடாதீர்கள்.

10. வட்ஸ்அப் படங்கள், பிடிஎஃப்

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த திகதி கழன்றுவிடும். பெயரில் மட்டும் ஒரு திகதி ஒட்டியிருக்கும். அதை எடுக்கலாம், ஆனால் எடுத்த திகதி என்று எண்ணாதீர்கள். புதிய பெயரில் "வந்தது" என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். இனிமேல் அனுப்புகிறவர்களிடம் 'டொகியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

பிடிஎஃப்புக்கு பொப்லர் பொதியின் 'பிடிஎஃப்டூடெக்ஸ்ட்' இதே முறையில் வேலை செய்யும். ஆனால் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய மலர்கள், அழைப்பிதழ்களில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். புரோகிராம் பிழை செய்யவில்லை, கோப்புக்குள் இருப்பதே அதுதான். பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றிய பிறகே பெயரில் வையுங்கள்.

11. திட்டத்தை எழுதி, கண்ணால் பாருங்கள்

இதுவரை ஒரு கோப்பின் பெயரும் மாறவில்லை. மாறவும் கூடாது.

இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் புதிய பெயரைக் கணக்கிடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கு; பிறகு நேரம்; பிறகு இடம்; கடைசியில் மூன்று இலக்க வரிசை எண். ஆண்டில் தொடங்கினால் கோப்புறை தானாகவே கால ஒழுங்கில் நிற்கும். ஒரே நொடியில் எடுத்த ஐந்து படத்தைப் பிரித்துக் காட்டுவது அந்த வரிசை எண்தான்.

கெமராவின் பதப்படுத்தாத ரோ கோப்பும் ஜேபெக்கும் சோடியாக இருந்தால், இரண்டும் ஒரே பெயரைப் பெற வேண்டும். பழைய பெயர் ஒன்றாகவும் கோப்புறை ஒன்றாகவும் உள்ளவற்றை ஒரு குடும்பமாக எடுத்து, குடும்பத்துக்கு ஒரு வரிசை எண் கொடுங்கள். படத்தில் செய்த திருத்தங்களைக் குறித்து வைக்கும் எக்ஸ்எம்பி கோப்புகளும் அதே குடும்பம்தான். அவை பிரிந்தால், திருத்தி வைத்த நிறமெல்லாம் படத்தை விட்டுப் போய்விடும்.

பழைய பெயர், புதிய பெயர், திகதி எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதுங்கள். அதைத் திறந்து பாருங்கள். புதிய பெயர் இரண்டு இடத்தில் வருகிறதா என்று ஸ்க்ரிப்டும் பார்க்கட்டும், நீங்களும் பாருங்கள். மூன்றாவது நிரலை முறைப்படி அடுக்கினால், சந்தேகமான திகதிகள் எல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்கும். நான் இந்தப் பட்டியலை அடுத்த நாள் காலையில்தான் பார்ப்பேன். களைத்த கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

12. இப்போது பெயரை மாற்றுங்கள்

மாற்றும் ஸ்க்ரிப்ட் தனியாக இருக்கட்டும். அது எக்சிஃப்டூலை அழைக்காது, எதையும் கணக்கிடாது. நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட சிஎஸ்வியை மட்டும் படித்து, அதன்படி நடக்கும்.

ஒவ்வொரு கோப்பையும் மாற்றமுன், புதிய பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். விண்டோஸில் இருந்தால் பைதன் பிழை எழுப்பி நிறுத்தும். லினக்ஸில் ஒரு சத்தமும் இல்லாமல் பழையதை அழித்து அதன் மேல் ஏறிவிடும். தொடக்க காலத்தில் ஒரு கொடியேற்றத்தின் படங்களை லினக்ஸில் வரிசை எண் இல்லாமல் மாற்றினேன். கொடி ஏறுகிற அந்த ஒரு நொடியில் எடுத்த ஆறு படங்களில் ஒன்றுதான் மிஞ்சியது. மற்ற ஐந்தையும் நானே அழித்திருந்தேன். ஸ்க்ரிப்ட் பிழை எதுவும் சொல்லவில்லை. மெமரி கார்டை அதற்குள் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். பிரதி எடுத்து வை, இருக்கிறதா என்று பார் என்று நான் ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த ஐந்து படத்தால்தான்.

ஒவ்வொரு மாற்றமும் முடிந்த உடனேயே, பழைய பெயரையும் புதிய பெயரையும் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதி, டிஸ்க்கில் பதியவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தால், நடுவில் மின்சாரம் போனால் எது மாறியது, எது மாறவில்லை என்று தெரியாது. திரும்ப மாற்ற வேண்டி வந்தால் இந்தப் பதிவேட்டைக் கீழிருந்து மேலாகப் படித்து மாற்றுங்கள்.

விண்டோஸில் 'பெர்மிஷன்' பிழை வந்தால் முதலில் அந்தப் படம் வேறெங்காவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை மூடிவிட்டு ஸ்க்ரிப்டைத் திரும்ப ஓட்டினால், பழைய பெயர் இல்லாதவற்றைத் தாண்டிப்போய், விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எழுதியிருக்க வேண்டும்.

ஐம்பது கோப்பில் எல்லாம் சரியாக வந்த பிறகு, மாற்றமுன் இருந்த கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் மாற்றிய பின் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மூலத்தின் முழுப் பிரதியில் ஓட்டலாம். பதிவேட்டைப் படங்கள் உள்ள அதே கோப்புறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மூன்று வருடம் கழித்து யாராவது பழைய டிஎஸ்சி இலக்கத்தைச் சொல்லிப் படம் கேட்பார்கள். அப்போது தேடுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.